கண் மட்டும் பாக்கி

லாபிஸ் ரயில் நிலையத்துக்குப் பின்புறம், தகரக் கூரை போட்ட பலகை வீட்டில் ஓர் ஓவியர் குடியிருந்தார். உயிரோடு இருந்தவரை அவரை யாரும் ஓவியர் என்று சொன்னதில்லை. பெயிண்டர் என்பார்கள். கள்ளுக்கடைப் பக்கம் பார்த்துவிட்டால் அதுவும் போய், 'அந்த ஆளு' ஆகிவிடுவார். தோட்டத்துக் கோயில்களுக்குச் சாமி படம், நாடகக்காரர்களுக்குத் திரை, துரை வளர்த்த நாய்க்கு ஒரு படம் என்று கேட்டதையெல்லாம் வரைந்து கொடுத்துக்கொண்டிருந்தார். செத்து ஆறு மாதத்துக்குள் மாமேதை ஆகிவிட்டார். நம் ஜனங்களிடம் மரியாதை வாங்க வேண்டுமென்றால் முதலில் செத்துக் காட்ட வேண்டும்.

ரப்பர் விலை விழுந்து தோட்டங்களில் ஆள் குறைத்த காலம் அது. வேலை போன கிராணி ஒருவர், அதாவது தோட்டத்து ஆபீசில் பேனா பிடித்தவர், ஏதோ இங்கிலீஷ் பேப்பரில் படித்திருக்கிறார்: சீமையில் பெரிய மனிதர்கள் போய்விட்டால் அவர்கள் இருந்த வீட்டை இருந்தது இருந்தபடியே வைத்து, ஊரார் வந்து பார்க்க விடுவார்களாம். குடித்த கோப்பை குடித்த இடத்தில், கழற்றிய செருப்பு கழற்றிய இடத்தில். கிராணிக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. நமக்கும் அப்படி ஒன்று வேண்டாமா? ஆனால் லாபிஸில் பெரிய மனிதர் யாரும் சமீபத்தில் சாகவில்லை. செத்தவர்களில் கொஞ்சம் தேறியவர் பெயிண்டர்தான். உடனே ஒரு கமிட்டி போட்டார்கள். தலைவர், வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்திருந்த பெரிய கங்காணி. செயலாளர், நம் கிராணி. மற்றவர்கள் தலையாட்ட.

நான் அந்த வீட்டுக்கு மாமேதையைக் கும்பிடப் போகவில்லை. அங்கே என் அம்மாவின் படம் மாட்டிக்கொண்டிருந்தது. அதைக் கேட்டு வாங்கிவரப் போனேன்.

அம்மா செத்தபோது எனக்கு நாலு வயது. அவளுக்கு இருபத்திரண்டு. லாபிஸ் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பால் மரம் வெட்டினாள், அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுத்தாள், காய்ச்சல் வந்தது, போய்விட்டாள். அவள் முகம் எனக்குச் சுத்தமாக ஞாபகம் இல்லை. அந்தக் காலத்தில் தோட்டத்தில் போட்டோ என்றால் துரைக்கும் துரையின் குதிரைக்கும்தான். வருஷா வருஷம் ஆடி அமாவாசைக்கு அப்பா வெறும் பலகைக்குப் பொட்டு வைத்துப் படையல் போடுவார். பலகைக்கு முன்னால் விழுந்து கும்பிடச் சொல்வார். நானும் பலகையைக் கும்பிட்டே வளர்ந்தேன்.

பெயிண்டருக்கு ஒரு வித்தை தெரியும். போட்டோ இல்லாமல் செத்துப்போனவர்களுக்குப் படம் போடுவார். அப்பனுக்கு வேண்டுமென்றால் மகனை உட்கார வைப்பார், ஆத்தாளுக்கு வேண்டுமென்றால் மகளை. பக்கத்தில் செத்தவரை அறிந்த ஒருவர் நின்று, மூக்கு இதைவிட நீளம், நெற்றி இதைவிடக் குறுகல் என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். சுற்று வட்டாரத்துத் தோட்டங்களில் அவர் வரைந்த அப்பன்களும் ஆத்தாள்களும் இன்றைக்கும் படையல் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

எனக்குப் பதினாறு வயதாக இருக்கும்போதே அப்பா என்னை அவரிடம் கூட்டிப் போனார். பெயிண்டர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "செத்தப்ப என்ன வயசு?" என்று கேட்டார். இருபத்திரண்டு என்றார் அப்பா. "அப்ப இந்தப் புள்ளைக்கு இருவத்திரண்டு ஆவட்டும், கூட்டியாங்க" என்று அனுப்பிவிட்டார். வேலை செய்யச் சோம்பல், அதற்கு ஒரு சாக்கு என்று அன்றைக்கே அவரைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்தேன். அந்த முடிவை வருஷக்கணக்கில் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

இருபத்திரண்டு ஆவதற்குள் எனக்குக் கல்யாணமாகி, யோங் பெங்குக்கு வந்து, இரண்டு பிள்ளையும் பெற்றுவிட்டேன். அப்பாவும் எங்களோடுதான் இருந்தார். மூன்று ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போய், நீலப் புடவை கட்டிக்கொண்டு, கைப்பிள்ளையை அப்பாவிடம் கொடுத்துவிட்டு அசையாமல் உட்கார்ந்தேன். கொசு கடித்தது. கையைத் தூக்கினேன். "ஆடாதம்மா, செத்தவங்க ஆட மாட்டாங்க" என்றார் பெயிண்டர். மூன்றாம் ஞாயிறு முகம் வந்துவிட்டது, கழுத்து வந்துவிட்டது, மடியில் இரண்டு கையும் வந்துவிட்டன. கண் இருக்க வேண்டிய இடம் மட்டும் சும்மா இருந்தது. சாமி படத்துக்குப் போலவே மனிதருக்கும் கண்ணைக் கடைசியில்தான் திறப்பது அவர் வழக்கம். இனி நான் வர வேண்டாம், அப்பா வந்தால் போதும் என்றார்.

அப்பா போனார். மாதாமாதம் முதல் ஞாயிறு காலையில் போவார், சாயங்காலம் வெறுங்கையோடு வருவார். "என்னாச்சு?" என்பேன். "கண்ணு மட்டும்தான் பாக்கி" என்பார். அடுத்த மாதமும் கண் மட்டும் பாக்கி. இப்படி ஐந்து வருஷம். இரண்டு கண் வரைய ஐந்து வருஷமா? பிள்ளையாருக்கும் முருகனுக்கும் மட்டும் மளமளவென்று கண் திறக்கிறானே, என் அம்மா என்ன பாவம் செய்தாள்? குடிகாரன், சோம்பேறி, கிழவனை அலைய விடுகிற பாவி என்று வாய்க்கு வந்தபடி திட்டுவேன். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவார். ஒருமுறை யோங் பெங் சந்தையில் பெயிண்டரையே பிடித்துவிட்டேன். நாலு பேர் பார்க்க, "எங்கம்மா கண்ணு எங்கே?" என்று கேட்டேன். அவர் கையிலிருந்த கருவாட்டுப் பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டே, "உங்கப்பாகிட்ட கேளும்மா" என்று சொல்லிவிட்டு நழுவினார். நழுவுவதைப் பார், எவ்வளவு சாமர்த்தியம் என்று நினைத்தேன்.

அவர் செத்தபோது நான் மூன்றாவது பிள்ளை பெற்றுப் படுத்திருந்தேன். எழுந்து நடமாடுவதற்குள் கமிட்டி வீட்டைப் பூட்டிவிட்டது. அப்பா போய்க் கேட்டதற்கு, "பார்வை நேரத்துல வாங்க" என்று திருப்பி அனுப்பினார்களாம். அப்பாவுக்கு ஒரு கண்ணில் பூ விழுந்து முழுசாக மறைத்துவிட்டது. மற்றதும் மங்கிக்கொண்டு வந்தது. ஆஸ்பத்திரியில் மருந்து போடுகிற டிரசர் பார்த்துவிட்டு, இதுவும் கொஞ்ச நாளைக்குத்தான் என்று சொல்லிவிட்டார். அப்பா அதைக் கேட்டுவிட்டு வந்து, ராத்திரிச் சாப்பாடு வேண்டாம் என்றார். மறுநாள் என்னைக் கூப்பிட்டு, "வர்ற அமாவாசைக்குள்ள அந்தப் படத்த வாங்கியாந்துடு தாயி. பார்வை இருக்கறப்பவே ஒரு தடவ பாத்துர்றேன்" என்றார். ஆடி அமாவாசைக்கு ஒரு வாரம்தான் இருந்தது.

காலை பஸ்ஸில் லாபிஸ் போய் இறங்கினேன். வீடு திறக்க நேரம் இருந்தது. எதிரே காக்கா கடையில் உட்கார்ந்தேன். சாயாவும் சோறும் விற்கும் ராமநாதபுரத்து முஸ்லிம், பெயிண்டருக்கு இருபது வருஷமாகச் சாப்பாடு போட்டவர். அவர் கடைக்கு முன்னால் புதுப் போர்டு ஒன்று தொங்கியது. சேவல் ஒன்றும் சோற்றுத் தட்டு ஒன்றும் வரைந்திருந்தது. சேவலின் சிவப்புக் கொண்டை கீழே வழிந்து சோற்றில் கலந்திருந்தது.

"என்ன காக்கா, சேவலை வெட்டிட்டாங்களா?" என்றேன்.

"அத ஏன் தங்கச்சி கேக்குறீங்க. புதுசா ஒரு போர்டு எழுதுறவன் வந்திருக்கான். எண்ணெ கலந்து அடிப்பான்னு பாத்தா தண்ணிச் சாயத்த அடிச்சிட்டுப் போயிட்டான். ஒரு மழைக்கே அழுவுது. இவனத்தான் கமிட்டிக்காரங்க மாமேதைப் படத்துக்குக் கண்ணு தொறக்கக் கூட்டிப் போனாங்க."

சாயாவைக் கீழே வைத்தேன். "எந்தப் படத்துக்கு?"

"ஒரு பொம்பள படம் கண்ணில்லாம கெடந்திச்சில்ல. தெறப்பு விழாவுக்கு அது நல்லா இருக்காதுன்னு சொல்லி, மகாலெட்சுமின்னு பேரு வெச்சு, அய்யர வரவழச்சு, மேளம் கொட்டி கண்ணு தொறந்தாங்க. எந்த மாதிரி கண்ணு வரையறதுன்னு அவன் கேட்டான். கங்காணி, எம்பொஞ்சாதி கண்ணு மாதிரி வரைன்னுட்டாரு. அந்தம்மாவ நாக்காலியில ஒக்கார வெச்சு, அரை மணியில முடிச்சிட்டான்."

அந்தக் கங்காணியம்மாளை எனக்குத் தெரியும். தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். பெரட்டுக்களத்தில், அதாவது காலையில் ஆளெடுக்கும் இடத்தில், யார் வரவில்லை என்று புருஷனுக்குக் கண் ஜாடை காட்டுவதுதான் அவள் வேலை. அம்மா காய்ச்சலோடு கிடந்த காலையில் எழுந்து வரச்சொல்லி ஆள் அனுப்பியது இந்தக் கங்காணிதான். அப்பா அதை ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறார். அந்த வீட்டுக்காரியின் முழியை என் அம்மா முகத்தில் பதித்திருக்கிறார்கள். காக்கா இன்னொரு சாயா போடவா என்றார். வேண்டாம் என்று எழுந்துவிட்டேன்.

கிராணி கதவைத் திறந்தார். சரிகை வேட்டி, நெற்றி நிறைய விபூதி, கையில் ஒரு பிரம்பு. பிரம்பு காட்டுவதற்காம். "செருப்ப கழட்டிட்டு வாம்மா. மாமேதை வாழ்ந்த எடம்" என்றார். மாமேதை வாழ்ந்தபோது அந்த வீட்டுக்குள் செருப்பில்லாமல் நடந்தால் காலில் ஆணி குத்தும்.

உள்ளே போனேன். தலையில் அடித்துக்கொள்ளாதது ஒன்றுதான் பாக்கி. தூரிகைக்கெல்லாம் சந்தனப் பொட்டு, குங்குமப் பொட்டு. இருந்தபடியே வைக்க வேண்டும் என்று கழுவாமல் வைத்ததில் அவை காய்ந்து விறகுச் சுள்ளியாகிவிட்டன. ஆணியில் ஒரு கஞ்சி போட்ட சட்டை, மேலே அங்கவஸ்திரம். "மாமேதை அணிந்தது" என்று சீட்டு. அரைக் கைலியைத் தவிர வேறு எதையும் அந்த மனிதர் உடம்பில் நான் பார்த்ததில்லை. கள்ளுப் போத்தல் இருந்த இடத்தில் வெள்ளி டம்ளர். "மாமேதை பால் அருந்தியது" என்று இன்னொரு சீட்டு. அவர் உட்கார்ந்த முக்காலி என்று காட்டியது காக்கா கடை முக்காலி. அடியில் காக்கா சுண்ணாம்பால் போட்ட பிறைக்குறிகூட அப்படியே இருந்தது.

அந்த வீட்டில் எனக்குப் பிடித்தது ஒரே ஒரு சுவர்தான். தூரிகையைத் துடைப்பதற்குத் துணி தேடச் சோம்பல்பட்டு அவர் சுவரிலேயே துடைப்பார். இருபது வருஷத்துச் சாயம், முருகன் மயிலின் நீலம், மாரியம்மன் சேலை மஞ்சள், நாடகத் திரையில் வந்த காட்டின் பச்சை எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக அப்பியிருக்கும். மூன்று ஞாயிறும் அசையாமல் உட்கார்ந்தபோது நான் அந்தச் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தேன். பளீரென்று வெள்ளையடித்திருந்தார்கள்.

"சுவர் எங்க ஐயா?"

"ஒரே அழுக்கா இருந்துச்சும்மா. நாந்தான் நின்னு அடிச்சுக் குடுக்கச் சொன்னேன். நாலு பேரு வந்து போற எடம்ல." பெருமை வேறு.

நடுவில், படம் வரையும் மரத்தாங்கியில் அம்மா இருந்தாள். மாலை போட்டு, முன்னால் விளக்கேற்றி, பித்தளைச் செம்பில் தீர்த்தம் வைத்திருந்தார்கள். நீலப் புடவை, மடியில் கை எல்லாம் நான் விட்டுவந்தபடியே இருந்தன. முகத்தில் மட்டும் இரண்டு முட்டைக் கண், விளிம்பில் மை தீட்டி, என்னைப் பார்த்து முழித்தது. எங்கே போகிறாய், ஏன் லேட்டு என்று கேட்கிற முழி.

"மலைநாட்டு மகாலெட்சுமி" என்றார் கிராணி, பிரம்பால் தொட்டு. "மாமேதையோட கடைசிப் படைப்பு."

"இது எங்கம்மா" என்றேன்.

"ஆமாம்மா, உலகத்துக்கே அம்மா."

"ஐயா, உலகத்த விடுங்க. என்னைப் பெத்த அம்மா. அவ போனப்பறம் என்னை ஒக்கார வெச்சு வரைஞ்சாரு. அந்தப் புடவை என்னோடது. இந்தாங்க, மேல் கையப் பாருங்க, அம்மை குத்தின தழும்பு. எனக்கும் இருக்கு." புடவையை ஒதுக்கிக் காட்டினேன். "மகாலெட்சுமிக்கு அம்மை குத்தின தழும்பு உண்டா?"

கிராணி தழும்பையும் பார்த்தார், என் கையையும் பார்த்தார். ஒரு கணம்கூட அசரவில்லை. "மகாலெட்சுமியே கப்பல்ல வந்தாலும் எறங்குனதும் கேம்ப்புல அடச்சு வெச்சு அம்மை குத்தாம விடுவானாம்மா? அதைத்தான் மாமேதை நுட்பமா காட்டியிருக்காரு."

இப்படி ஒரு மூளையைத் தோட்டத்து ஆபீசில் இத்தனை வருஷம் வீணடித்திருக்கிறார்கள். நான் விடவில்லை. அப்பாவுக்குப் பார்வை போகப்போகிறது, அமாவாசைக்குள் அவர் பார்க்க வேண்டும் என்று சொன்னேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம். எனக்குக் கெஞ்சிப் பழக்கமில்லை, அதனால் அது சண்டை போல ஒலித்திருக்கும்.

"எழுத்து மூலமா ஏதாச்சும் இருக்கா?" என்றார்.

"எங்கம்மா செத்ததுக்கே ஆள் கணக்கு எழுதுற செக்ரோல்ல பேரு மேல ஒரு கோடு போட்டதுதான் எழுத்து. படத்துக்கு எங்க போவேன்?"

"அப்ப கஷ்டம் லா. இது சமுதாயச் சொத்து. அப்பாவக் கூட்டியா, இங்க வந்து பாக்கட்டும். ஆனா தொடக் கூடாது."

வெளியே மோட்டார் ஹாரன் கேட்டது. கங்காணி, மனைவியோடும் ஜொகூர் பாருவிலிருந்து வந்த விருந்தாளிகளோடும் வந்திருந்தார். கிராணி பிரம்பைப் போட்டுவிட்டு, வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடினார். அறையில் நானும் அம்மாவும் அந்தக் கண்களும் மட்டும்.

அப்போது எனக்குக் காக்காவின் சேவல் ஞாபகம் வந்தது. பெயிண்டர் வரைந்தது எண்ணெய்ச் சாயம், இது தண்ணிச் சாயம். முந்தானை நுனியைச் செம்பில் நனைத்து இடது கண்ணில் வைத்தேன். ஒரு தேய்ப்புக்கு மை வழிந்தது. அடுத்த தேய்ப்புக்கு முழியே வந்துவிட்டது. வலது கண்ணையும் துடைத்தேன். முகத்தில் மற்ற இடம் ஒரு பொட்டுக்கூட அசையவில்லை. கண் இருந்த இடம் மட்டும் வழவழவென்று, துணியின் இழை தெரிய மெலிந்து கிடந்தது. அந்த இடத்தில் போட வேண்டிய சாயத்தைக்கூட மிச்சம் பிடித்திருக்கிறான் பார் அந்த மனுஷன் என்று செத்தவரை இன்னொருமுறை திட்டிவிட்டு, முந்தானையைச் செருகிக்கொண்டு ஓரமாக நின்றேன்.

கங்காணியம்மாள்தான் முதலில் வந்தாள். தன் கண் மாட்டியிருக்கும் இடத்தை விருந்தாளிகளுக்குக் காட்டுகிற அவசரம். கையை நீட்டியவள் நீட்டியபடி நின்றாள்.

"அய்யோ! கண்ண மூடிக்கிட்டா!"

பின்னால் வந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கிராணி படாரென்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். விருந்தாளிகளில் ஒருவர் சாஷ்டாங்கமாக விழுந்தார். இன்னொருவர், "கன்னத்துல கண்ணீர் ஓடுது பாருங்க!" என்றார். ஓடியது உண்மைதான், கறுப்பாக. நான் அதைச் சரியாகத் துடைக்கவில்லை.

"அலமாக், அற்புதம்!" என்றார் கிராணி. "பேப்பர்ல போடணும்!"

"வாய மூடுய்யா!" என்று கத்தினாள் கங்காணியம்மாள். "அற்புதமாம் அற்புதம்! அது எங் கண்ணுய்யா! எங் கண்ணுதான் அவிஞ்சு போச்சு. எனக்கு என்னமோ ஆகப் போவுது!" தன் கண்ணைத் தொட்டுப் பார்த்தாள், மூடித் திறந்தாள், புருஷன் முகத்துக்கு நேரே கையை ஆட்டித் தெரிகிறதா என்று பார்த்தாள். "ஒரு நிமிசம் இது இங்க இருக்கக் கூடாது. பின்னமான சாமிய வூட்டுல வெக்கலாமா? ஆத்துல வுடுங்க!"

"இது மாமேதையோட கடைசிப் படைப்பு…" என்று இழுத்தார் கிராணி.

"கங்காணி பொஞ்சாதி கண்ணு பெருசா, உங்க மாமேதை பெருசா?" என்றார் கங்காணி. அதற்குமேல் கமிட்டியில் விவாதம் நடக்கவில்லை.

ஆனால் யார் தொட்டுத் தூக்குவது? எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். சாமி குற்றம் யாருக்கு வேண்டும்? இத்தனை ஆண்பிள்ளைகள் இருந்தும் ஒரு கை நீளவில்லை.

"குடுங்க, நான் கொண்டு போறேன்" என்றேன். "பஸ்சு ஆத்துப் பாலத்து வழியாத்தானே போவுது."

கங்காணியம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ நல்லா இருப்ப தாயி. யாரு வூட்டுப் புள்ள நீ?" என்றாள். சொன்னேன். அம்மா பெயரையும் சொன்னேன். அவளுக்கு ஞாபகம் வரவில்லை. பெரட்டில் எத்தனையோ பேர், அவள் என்ன செய்வாள்!

மாமேதை அணியாத அங்கவஸ்திரத்தை எடுத்து, தொடாமல் தூக்கிப் போட்டார்கள். அதில் சுற்றிக்கொண்டு படி இறங்கினேன். கிராணி பின்னாலேயே ஓடிவந்தார். "ஆத்துல வுட்டதும் அங்கவஸ்திரத்த மட்டும் தொவச்சு அனுப்பிடும்மா. அது காட்சிப் பொருள்."

பஸ் பாலத்தைக் கடந்தது. ஆறு நிறைய ஓடியது. படத்தை இன்னும் கொஞ்சம் நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். பொய் சொன்னதாகவா எடுத்துக்கொள்வது? பஸ் பாலத்து வழியாகப் போகும் என்றேன், போயிற்று.

அப்பா வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பஸ் சத்தம் கேட்டதுமே எழுந்துவிட்டார். "கெடச்சிச்சா?" என்றார். அங்கவஸ்திரத்தைப் பிரித்து அவர் கையில் வைத்தேன். வெயில் படும்படி திருப்பி, நல்ல கண்ணுக்குக் கிட்டத்தில், மூக்கு இடிக்கிற அளவுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். நெற்றியைப் பார்த்தார், கழுத்தைப் பார்த்தார், மடியில் இருந்த கைகளை வெகுநேரம் பார்த்தார். நான் லாபிஸ் கதை முழுவதையும் சொன்னேன். கங்காணியம்மாள் மாதிரியே கத்திக்கூடக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை.

"கடைசி வரைக்கும் அந்தச் சோம்பேறி கண்ணு தொறக்கவே இல்லப்பா" என்றேன். "அந்த எடத்துல சாயங்கூட ஒழுங்கா பூசல. துணி தெரியுது பாருங்க."

அப்பா கட்டைவிரலால் அந்த இடத்தைத் தடவினார். "சோம்பேறின்னு சொல்லாதம்மா" என்றார். "அவன் வரைஞ்சான். நான் போறப்பல்லாம் வரைஞ்சான். நாந்தான் இது இல்லன்னு சொல்லி அழிக்கச் சொல்வேன். டர்ப்பன்டைன் துணிய வெச்சுத் தொடப்பான். தொடச்சுத் தொடச்சுத்தான் இப்படித் தேஞ்சு போச்சு."

"போறப்பல்லாமா?"

"ஆமா."

ஐந்து வருஷம், மாதம் ஒரு தடவை.

"மொதல்ல ஒன் கண்ணத்தான் வெச்சான். நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அது ஒன் கண்ணு. தூக்கி வளத்தவனுக்குத் தெரியாதா? இது மவ கண்ணு, அவளுது இல்லன்னேன். அப்ப அவுங்க கண்ணு எப்படி இருக்கும், சொல்லுங்க, வரைஞ்சிடுறேன்னான்." அப்பா படத்தை மடியில் இறக்கினார். "சொல்லத் தெரியலம்மா."

"மறந்து போச்சா?"

"மறந்திருந்தா பரவால்லியே. பாத்திருந்தாத்தானே மறக்கறதுக்கு." அவர் என்னைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துப் பேசினார். "ஆறு வருசம் ஒண்ணா இருந்தோம். சோறு வெப்பா, தின்னுவேன். தண்ணி குடுப்பா, குடிப்பேன். கையி தெரியும். கையி இதேதான், அச்சா போட்டிருக்கான். பால் கறை ஏறுன கையி. மொகத்த நிமிந்து பாத்து ஒரு வார்த்த பேசினதில்ல. யாரும்மா அப்ப பேசினாங்க? ஒவ்வொரு மாசமும், இந்தத் தடவ ஞாபகம் வந்துரும், வந்துரும்னு போவேன். அவன் வரைஞ்சிட்டு என் மொகத்தயே பாப்பான். இல்லன்னு தலையாட்டுவேன். ஒரு நாளு, வெளிய சொல்லிப்புடாதப்பான்னு அவன் கையப் புடிச்சுக்கிட்டேன்."

உங்கப்பாகிட்ட கேளும்மா. நாலு பேர் பார்க்கச் சந்தையில் நான் கிழித்துப்போட்டபோது அந்த மனுஷன் சொன்னது அவ்வளவுதான். கருவாட்டுப் பொட்டலத்தோடு வாங்கிக்கட்டிக்கொண்டு போனார். கடைசி வரை அப்பாவைக் காட்டிக்கொடுக்கவில்லை. கமிட்டி ஒட்டி வைத்த அத்தனை சீட்டிலும் இதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அப்பாமேல் கோபமாக இருந்தது. இருபத்திரண்டு வயதில் செத்தாளே, ஒரு தடவை, ஒரே ஒரு தடவை நிமிர்ந்து பார்த்திருக்கக் கூடாதா என்று கேட்க வாய்வரை வந்தது. அவருடைய நல்ல கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. கேட்கவில்லை.

அமாவாசைக்கு அந்தப் படத்தை வைத்துத்தான் படையல் போட்டோம். கண் இல்லாமல்தான். வேறு யாரையாவது வைத்துத் திறக்கலாமா என்றதற்கு அப்பா வேண்டாம் என்றுவிட்டார். நெற்றியைத் தடவிப் பார்த்து அவரே பொட்டு வைத்தார். பிள்ளைகள் மூன்றும் விழுந்து கும்பிட்டன. நானும் கும்பிட்டேன்.

அன்று படையல் சோறு முடிந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். என் புருஷன், ரோடு போடும் வேலையில் மண்டோர், ஆட்களை மேய்த்துவிட்டு வந்து பின்னால் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். கல்யாணமாகிப் பத்து வருஷம். நல்ல மனிதர், அடித்ததில்லை, திட்டியதில்லை. எனக்கு என்ன தோன்றியதோ, திரும்பாமலே கேட்டேன்.

"எங் கண்ணு எப்படி இருக்கும்? சொல்லுங்க பாப்போம்."

வெற்றிலை மெல்லும் சத்தம் நின்றது. யோசிக்கிறார் என்று காத்திருந்தேன்.

"ஏன், கண்ணுல தூசி வுழுந்துருச்சா?" என்றார். "தண்ணி ஊத்திக் கழுவு."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பத்து பகாட்டில் சீனன் போட்டோக் கடைக்குப் போனேன். அதே நீலப் புடவைதான் கட்டிக்கொண்டேன். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டவர் வெளியே வந்து, வாயை இரண்டு விரலால் இழுத்துக் காட்டி, சிரிக்கச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணை மட்டும் நன்றாகத் திறந்து வைத்துக்கொண்டு அந்தப் பெட்டியைப் பார்த்தேன்.